கரி பேசின கதை: காந்தமே இல்லாத ஸ்பீக்கரின் 140 வருஷம்

நீங்க இதைக் கேட்கறப்போ உங்க காதுல ஒரு இயர்போன் இருக்கலாம். இல்லைன்னா பக்கத்துல ஒரு சின்ன ஸ்பீக்கர். அதைப் பிரிச்சுப் பார்த்தா உள்ள மூணு விஷயம் இருக்கும்: ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், அந்தச் சுருளோட ஒட்டின ஒரு மெல்லிய சவ்வு. சுருள்ல மின்சாரம் ஓடும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளும். சவ்வு ஆடும், காற்று ஆடும், உங்களுக்குப் பாட்டு கேட்கும். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் இந்த அமைப்பை 1925ல் ஒரு ஆய்வுக்கட்டுரையா வெளியிட்டாங்க. கிட்டத்தட்ட 100 வருஷம் ஆச்சு. காந்தம் சின்னதாச்சு, சவ்வு லேசாச்சு, அடிப்படை மட்டும் மாறவே இல்லை.

2008ல் பெய்ஜிங்கில் இருக்கிற சிங்ஹுவா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. காந்தம் கிடையாது, சுருள் கிடையாது, ஆடற சவ்வும் கிடையாது. கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியற ஒரு படலம். அதுக்கு மின்சாரம் குடுத்தா பாடுது. இழுத்தாலும் பாடுது. ஒரு கொடி மேல ஒட்டி, கொடி காற்றில் படபடன்னு அடிச்சுக்கிட்டு இருக்கும்போதும் பாடுது. சுவர், கூரை, தூண், ஜன்னல், போட்டிருக்கிற துணி, எதுல வேணும்னாலும் ஒட்டலாம்னு அந்த ஆய்வாளர்களே எழுதினாங்க.

அதுக்கப்புறம் இத்தனை வருஷம் ஆச்சு. உங்க ஜன்னல் பாடுதா? என் ஜன்னல் பாடலை. ஏன் பாடலைங்கறதுதான் இன்னைக்குக் கதை. இடையில் ஒரு பழைய ஃபார்முலா, நிறைய கரி, கடைசியில் குரலை இழந்த ஒருத்தர், எல்லாரும் வருவாங்க.

இடி ஒரு ஸ்பீக்கர்

முதல்ல ஒரு கேள்வி. எதுவுமே ஆடாம சத்தம் எப்படி வரும்?

இடியை நினைச்சுப் பாருங்க. வானத்துல மேளமா இருக்கு? மின்னல் போற பாதையில் இருக்கிற காற்று ஒரு நொடிக்குள்ள பயங்கரமா சூடாகுது. சூடானா விரியும். திடீர்னு விரிஞ்ச காற்று பக்கத்துக் காற்றை இடிக்குது. அதுதான் இடிச் சத்தம். அதாவது காற்றை அடிச்சுத்தான் சத்தம் உண்டாக்கணும்னு இல்லை, சூடாக்கினாலே போதும். ஒரு நொடிக்கு 1000 தடவை சூடாக்கி 1000 தடவை ஆற விட்டா, 1000 ஹெர்ட்ஸ்ல ஒரு ஸ்வரம் கேட்கும்.

கேட்க சுலபமா இருக்கு, இல்லையா? இப்போ உங்க வீட்டுத் தோசைக்கல்லை எடுத்துக்கோங்க. அடுப்பைப் பத்த வச்சு அது காயறதுக்கு ரெண்டு மூணு நிமிஷம். அடுப்பை அணைச்சாலும் கால் மணி நேரம் சுடும். அதுகிட்டப் போய் ‘நொடிக்கு 1000 தடவை சூடாகி ஆறு’ன்னு சொன்னா முடியுமா? தோசைக்கல்லால பாட முடியாது. பாடணும்னா அது ரொம்ப ரொம்ப மெல்லிசா இருக்கணும். அதுல சூடு தங்கவே இடம் இருக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வச்சுக்கோங்க. மீதிக் கதை முழுக்க இதைச் சுத்தித்தான்.

தபால்துறையில் தொடங்கினது

1880. கிரஹாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. பிரிட்டிஷ் தபால்துறையில் மின்பொறியாளரா இருந்த வில்லியம் ப்ரீஸ், லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை குடுத்தார். ஒரு மெல்லிய பிளாட்டினம் கம்பியை ஒரு வட்டத் தகட்டோட கட்டி, டெலிபோன் மின்னோட்டத்தை அந்தக் கம்பி வழியா விட்டார். தகடு பேசிச்சு. கம்பி சூடாகி நீளுது, ஆறிச் சுருங்குது, அதான் தகட்டை இழுக்குதுன்னு அவர் விளக்கினார். அதாவது இங்கேயும் ஒரு தகடு ஆடத்தான் செய்யுது. ஆனா தள்ளறது காந்தம் இல்லை, வெப்பம்.

அதே வருஷம் பெல்லும் அவரோட கூட்டாளி சம்னர் டெயின்டரும் வேற ஒண்ணு பண்ணிக்கிட்டு இருந்தாங்க. சூரிய வெளிச்சத்தை விட்டு விட்டுப் பாய்ச்சினா பொருள்கள் சத்தம் போடுதுன்னு கண்டுபிடிச்சு, எந்தப் பொருள் அதிகமாச் சத்தம் போடுதுன்னு ஒவ்வொண்ணாத் தேடினாங்க. டெயின்டர் கையில் சிக்கினது விளக்குக் கரி. கண்மை செய்ய விளக்கு மேல தட்டைக் கவிழ்த்து எடுப்பாங்களே, அதே கரி. வெளிச்சத்தை முழுங்கிச் சட்டுனு சூடாகி, சட்டுனு ஆறி, தன்னைச் சுத்தி இருக்கிற காற்றை அசைக்கிறதுக்கு அதை விட நல்ல பொருள் அவங்களுக்குக் கிடைக்கலை. 1881ல் பெல் இதை எழுதினார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கு. அப்போ டெலிபோனில் பேசற பக்கம், அதாவது மைக், அதிலேயும் எடிசன் வச்சது விளக்குக் கரியில் அழுத்திச் செஞ்ச ஒரு சின்ன வில்லைதான். ஆக, டெலிபோனுக்குக் கரிதான் காது. அதே கரி வாயாகவும் ஆகறதுக்கு இன்னும் 120 வருஷத்துக்கு மேல ஆகும்.

1898ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் பிரவுன் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். பழைய டப்பா டிவியில் இருந்த பிக்சர் ட்யூபுக்கு முன்னோடியை 1897ல் செஞ்சவர் இவர்தான். 1909ல் மார்கோனியோட நோபல் பரிசைப் பகிர்ந்துக்கிட்டவரும் இவர்தான். வெப்பத்தை அளக்கற ஒரு மெல்லிய உலோகத் தகட்டுல மாறற மின்னோட்டத்தை விட்டப்போ, அது தானாவே சத்தம் போடறதை அவர் கவனிச்சார். இந்தத் தடவை கூடவே ஆடறதுக்குத் தனியாத் தகடு எதுவும் இல்லை. சூடாகற உலோகம் காற்றோட நேராப் பேசுது. இதுக்கு வந்த பேர்தான் தெர்மோஃபோன்.

1917ல் எழுதின ஃபார்முலா

அடுத்த கட்டம் அமெரிக்கா. 1915ல் நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையில் டெலிபோன் லைன் திறந்தாச்சு. அவ்வளவு தூரம் போகும்போது தேஞ்சு போகற குரலை வழியில் பெருக்கித் தர வெற்றிடக் குழாய்களை உருவாக்கினவர் ஹெரால்ட் ஆர்னால்ட். அவருக்கு இப்போ ஒரு புதுத் தலைவலி. மைக் நல்லா இருக்கா இல்லையான்னு எப்படிச் சொல்றது? அதுக்கு முதல்ல அளவு தெரிஞ்ச ஒரு சத்தம் வேணும். எடை போடணும்னா படிக்கல் வேணும் இல்லையா, அந்த மாதிரி சத்தத்துக்கு ஒரு படிக்கல்.

ஆர்னால்டும் இர்விங் கிராண்டலும் தெர்மோஃபோனைக் கையில் எடுத்தாங்க. இதுல ஆடற பாகமே இல்லை. அதனால எவ்வளவு மின்சாரம் போகுது, அதுல எவ்வளவு சத்தம் வரும்னு காகிதத்துலயே கணக்குப் போட்டுடலாம். அவங்க வச்சது 0.7 மைக்ரோமீட்டர் தடிமன் உள்ள பிளாட்டினம் தகடு. தலைமுடியில் நூத்துல ஒரு பங்குன்னு தோராயமா வச்சுக்கலாம். 1917ல் வந்த அந்தக் கட்டுரைதான் இந்தத் துறையோட அஸ்திவாரம். அதே வருஷம் எட்வர்ட் வென்ட் உருவாக்கின கண்டென்ஸர் மைக்கை அளந்து சரிபார்க்க உதவினதும் தெர்மோஃபோன்தான். 1920களில் சினிமா பேச ஆரம்பிச்சப்போ ஸ்டூடியோவுக்குள்ள போனது அந்த வகை மைக்.

அவங்க ஃபார்முலா சொன்னதைச் சுருக்கமாச் சொல்றேன்: ஒரு சதுர மீட்டர் படலத்தை 1 டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவையோ, அது குறையக் குறையச் சத்தம் கூடும். நம்ம தோசைக்கல் கணக்கேதான். மெல்லிசானா பாடும், இன்னும் மெல்லிசானா இன்னும் நல்லாப் பாடும்.

பிரச்சினை என்னன்னா, 1917ல் போதுமான அளவு மெல்லிசா, பிய்ஞ்சு போகாம, காற்றில் தனியா நிக்கற மாதிரி ஒரு படலத்தை யாராலும் செய்ய முடியலை. கணக்கு சரி, பொருள் இல்லை. எட்டு வருஷத்தில் ரைஸும் கெல்லாகும் வந்தாங்க, காந்தம் ஜெயிச்சது. தெர்மோஃபோன் அளவுக் கருவியா ஆய்வகத்தில் ஒதுங்கிடுச்சு. 1999ல் ஜப்பானில் ஷினோடா, கோஷிடா குழு, நுண்துளை நிறைஞ்ச சிலிக்கானில் இதே வழியில் அல்ட்ராசவுண்ட் எழுப்பிக் காட்டி, நேச்சர் இதழில் எழுதினப்போதான் பழைய யோசனை மறுபடி கண் திறந்தது.

பட்டுநூல் மாதிரி

இதுக்கு நடுவுல, 1991ல், ஜப்பானின் என்இசி ஆய்வகத்தில் சுமியோ இய்ஜிமா கார்பன் நானோ டியூபை மின்நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். கரி அணுக்கள் கோழிவலை மாதிரி பின்னி, அந்த வலை பாய் சுருட்டின மாதிரி சுருண்டு நிக்கற குழாய். அதுக்கு முன்னாலேயே, 1952ல், சோவியத் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட குழாய்களைப் படம் பிடிச்சிருந்தாங்க. ஆனா உலகம் திரும்பிப் பார்த்தது 1991க்கு அப்புறம்தான்.

2002ல் சிங்ஹுவாவில் ஷௌஷான் ஃபான், கைலி ஜியாங் குழு ஒரு வேலை பண்ணிக்கிட்டு இருந்தாங்க. ஒரு தட்டு மேல நெல் நாத்து மாதிரி நெருக்கமா நிக்கற நானோ டியூப் கூட்டத்திலிருந்து ஒரு கொத்தைப் பிடுங்கப் பார்த்தாங்க. கொத்து தனியா வரலை. பட்டுப்புழுக் கூட்டிலிருந்து நூல் வர்ற மாதிரி, ஒண்ணைப் பிடிச்சு ஒண்ணு, தொடர்ச்சியா நூலா வந்துக்கிட்டே இருந்தது. அதையே அகலமா இழுத்தா நூலுக்குப் பதிலாப் படலம். 4 அங்குலத் தட்டு ஒண்ணுலேருந்து 10 செ.மீ. அகலத்தில் 60 மீட்டர் நீளம் வரை படலம் இழுக்க முடியும்னு பின்னாடி சொன்னாங்க.

இப்போ 1917க்குத் திரும்புங்க. ஆர்னால்டும் கிராண்டலும் தேடின பொருள் எது? கிட்டத்தட்ட எடையே இல்லாத, மின்சாரம் கடத்தற, தனியா நிக்கற படலம். ஒரு சதுர மீட்டரை 1 டிகிரி சூடாக்க அவங்க பிளாட்டினத்துக்குச் சுமார் 2 ஜூல் வேணும். நானோ டியூப் படலத்துக்கு 0.0077 ஜூல். 260 மடங்கு குறைவு! 90 வருஷமாப் பொருளுக்காகக் காத்திருந்த கணக்குக்கு ஒரு வழியாப் பொருள் வந்து சேர்ந்தது. இத்தனை மெல்லிசுக்குப் பழைய ஃபார்முலாவே பத்தலைன்னு, அதையும் அந்தக் குழு திருத்தி எழுதவேண்டி வந்தது. டெயின்டரோட விளக்குக் கரிக்குச் சொந்தக்காரப் பொருள்தான் இது. அதுவும் கார்பன், இதுவும் கார்பன். அடுக்கின விதம்தான் வேற.

அப்புறம் ஏன் கடைக்கு வரலை?

இங்கதான் நிறைய வீடியோக்கள் முடிஞ்சுடும். ‘எதிர்கால ஸ்பீக்கர்’னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நாம கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம்.

முதல் சிக்கல் ஸ்வரத்துல. மின்னோட்டம் முன்னாடி ஓடினாலும் சூடு, பின்னாடி ஓடினாலும் சூடு. அதனால ஒரு அலைக்கு ரெண்டு தடவை சூடாகுது. 440 ஹெர்ட்ஸ் குடுத்தா 880 ஹெர்ட்ஸ் வரும். கீழ் ‘ஸ’ கேட்டா மேல் ‘ஸ’ பாடும். ஒரே ஸ்வரம்னா பரவாயில்லை. ரெண்டு ஸ்வரம் சேர்ந்து வந்தா, கேட்காத ஸ்வரமெல்லாம் கலந்து பாட்டே கெட்டுடும். இதுக்கு ஒரு வழி இருக்கு. அடுப்பை அணைச்சு அணைச்சுப் பத்த வைக்காம, எப்பவும் பாதியில் எரிய விட்டு, அங்கேருந்து கூட்டிக் குறைக்கற மாதிரி, ஒரு நிலையான மின்னோட்டத்தை எப்பவும் ஓட விடணும். சரி, ஸ்வரம் சரியாச்சு. ஆனா பாட்டே இல்லாத நேரத்திலேயும் அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கே! பேட்டரி யாரோடது?

ரெண்டாவது சிக்கல் பெரிசு. படலத்தோட சூடு காற்றில் ரொம்ப தூரம் போகாது. 1000 ஹெர்ட்ஸ்ல ஒரு தலைமுடித் தடிமனுக்குத்தான் போகும். அந்த மெல்லிய காற்றுப் போர்வைதான் இங்க சவ்வு மாதிரி விரிஞ்சு சுருங்குது. குடுத்த மின்சாரத்துல பெரும்பகுதி வெறும் சூடா வீணாகுது. சாதாரண ஸ்பீக்கர் கூட 100ல் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்சாரத்தைச் சத்தமா மாத்தும். இது அதை விடப் பல மடங்கு மோசம். கீழ்ஸ்தாயியில் இன்னும் மோசம். பேஸ் வேணும்னு கேட்கறவங்களுக்கு இது ஆகாது.

மூணாவது ஒரு பொறி. இதுல மின்திறனை 2 மடங்கு ஆக்கினா ஒலித்திறன் 4 மடங்கு ஆகும். அதாவது நல்லாச் சூடேத்தினாத்தான் நல்லா வேலை செய்யும். ஆனா படலம் கரி. சில நூறு டிகிரி தாண்டினா காற்றில் இருக்கிற ஆக்சிஜன் அதை எரிச்சுடும். சத்தம் வேணும்னா சூடு வேணும், சூடு ஏறினா ஆயுசு போகும்.

நாலாவதை அதிகம் பேர் பேசறதில்லை. பாடற படலம் வந்த அதே 2008ல், எடின்பரோவில் கிரெய்க் போலண்ட், கென் டொனால்ட்சன் குழு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. நீளமான, பல சுவர் கொண்ட நானோ டியூப்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தினப்போ, ஆஸ்பெஸ்டாஸ் இழை ஏற்படுத்தற மாதிரியான பாதிப்பு தெரிஞ்சது. 2014ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஒரு குறிப்பிட்ட வகை நானோ டியூபை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்கள் பட்டியலில் சேர்த்தது. எல்லா நானோ டியூபும் அப்படின்னு இதுக்கு அர்த்தம் இல்லை. ஆனா ஜன்னல்லயும் சட்டையிலயும் ஒட்டறதுக்கு முன்னாடி, அது உதிருமா, தூளாப் பறக்குமான்னு கேட்கறது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. ஆஸ்பெஸ்டாஸைக் கூரையா வேஞ்ச நாடு நாம. கேள்வி கேட்காம வாங்கினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்.

இடம் மாறிப் பார்த்தவங்க

அப்போ எல்லாம் வீணா? இல்லை. இதை வச்சு நம்ம ஸ்பீக்கரைத் தோற்கடிக்கணும்னு நினைச்சவங்க முட்டிக்கிட்டாங்க. நம்ம ஸ்பீக்கரால போகவே முடியாத இடத்துக்கு இதைக் கூட்டிட்டுப் போனவங்களுக்கு வழி திறந்தது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் அலி அலீவ், ரே பாஹ்மன் குழு 2010ல் இதைத் தண்ணிக்குள்ள இறக்கிச்சு. நானோ டியூப் படலத்தில் தண்ணி ஒட்டாது, தாமரை இலை மாதிரி. அதனால தண்ணிக்குள்ளயும் படலத்தைச் சுத்தி ஒரு காற்றுப் போர்வை தங்குது, அது ஒலி எழுப்புது. சோனார் மாதிரி வேலைகளுக்கு இது உதவலாம். பின்னாடி அவங்களே, ஆர்கான் வாயு நிரப்பின உறைக்குள்ள படலத்தை வச்சாங்க. ஆக்சிஜன் இல்லைன்னா எரியறதும் இல்லை, இன்னும் சூடேத்தலாம். மிச்சிகன் டெக்கில் ஆண்ட்ரூ பர்னார்ட் குழு இதை எக்ஸாஸ்ட் குழாயின் இரைச்சலை அடக்கறதுக்குக் கொண்டுபோச்சு. கொதிக்கிற அந்த இடத்தில் காந்தம் பலம் இழக்கும். இதுக்குச் சூடு புதுசா என்ன? சிங்ஹுவா குழுவும் சும்மா இருக்கலை. 2013ல் சிலிக்கான் சில்லு மேல நானோ டியூப் நூல்களைக் கட்டி ஒரு இயர்போன் செஞ்சாங்க. சுமார் ஒரு வருஷம் நிலையா வேலை செஞ்சதுன்னு எழுதினாங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் கடைசிதான். சிங்ஹுவாவிலேயே இன்னொரு குழு, தியன்லிங் ரென் தலைமையில். 2017ல் அவங்க பாலிஇமைடுங்கற பிளாஸ்டிக் தாளை லேசரால சுட்டாங்க. சுட்ட இடம் கருகிக் கிராஃபீன் ஆச்சு, அதுவும் கார்பன்தான். அந்தக் கருகின கோடு ரெண்டு வேலை செய்யுது. தொண்டை மேல ஒட்டினா உள்ள நடக்கிற அதிர்வை உணருது. மின்சாரம் குடுத்தா, நம்ம தெர்மோஃபோன் வழியில், சத்தமும் போடுது. காதும் வாயும் ஒரே கரி. முதல்ல அது புரிஞ்சுக்கிட்டது இருமல், முனகல், கத்தல், இவ்வளவுதான். 2023ல் அதே வழியில் வந்த கருவியை, குரல்வளையை அறுவை சிகிச்சையில் எடுத்துட்ட ஒரு நோயாளிக்கு ஒட்டிப் பார்த்தாங்க. அவர் தெளிவில்லாம உச்சரிக்க முயற்சி செஞ்ச அன்றாடச் சொற்களை, 90 சதவீதத்துக்கும் மேல சரியா அடையாளம் கண்டு, அந்தக் கருவியிலேயே பேச்சாத் திருப்பி ஒலிக்க வச்சாங்க.

இது ஆய்வகத்துல நடந்தது, ஒரு நோயாளியோட நடந்தது. நாளைக்கே மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். 2008ல் ஜன்னல் பாடும்னு சொன்னதைக் கேட்டவங்கதானே நாம. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. குரல் இல்லாத ஒருத்தருக்கு, தொண்டையில் ஒட்டற தாளுக்கு அதிரடி பேஸ் எதுக்கு? ஊரே கேட்கற சத்தம் எதுக்கு? எதிரில் உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு ‘தண்ணி’ன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும். ஜன்னல் ஸ்பீக்கருக்குப் பெரிய குறையா இருந்த அந்தக் குறைஞ்ச சத்தம், இங்க ஒரு பொருட்டே இல்லை.

விளக்குக் கரியில் டெயின்டர் சத்தம் கேட்டது 1880களின் தொடக்கம். நடுவுல ஒரு சரியான ஃபார்முலா, சரியான பொருள் வர்ற வரைக்கும் 90 வருஷம் சும்மா கிடந்தது. பொருள் வந்ததும் வேலை முடிஞ்சுடலை. அதுக்குச் சரியான இடத்தைத் தேடற வேலை அப்போதான் தொடங்கிச்சு. அடுத்த தடவை ஏதாவது ஒரு ‘அதிசயப் பொருள்’ செய்தி உங்க ஃபோனில் வந்தா, எப்போ வரும்னு கேட்கறதோட நிறுத்தாம, இது யாருக்கு வேணும்னும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.